மருந்தின் இரகசியமும் பிள்ளையின் தொழிலும்



வட்டகொடை நிலையத்தில் பெட்டியோடு ரயிலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். கொழும்பிலோ வெளிநாட்டிலோ தொழில் பெறுமுன் பலருக்கு வைத்தியப் பரிசோதனை உண்டு. அதில் கஞ்சா தென்பட்டால் என்ன செய்வது?

கஞ்சா நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஆயினும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், பதிவுபெற்ற ஆயுர்வேத வைத்தியர் மருந்துக்காக அதைப் பெற வழி வைத்துள்ளது. மதன மோதகம் போன்ற பழைய மருந்துகளில் அது சேர்கிறது. வைத்தியர் தந்ததை உண்டவர் வேறு; போதைக்காக உண்டவர் வேறு. சிறுநீர்ப் பரிசோதனையோ இந்த வேற்றுமையை அறியாது. கஞ்சாவின் கூறு உடலில் சில நாட்களும், தொடர்ந்து உண்டவரிடம் சில வாரங்களும் தங்கும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிரண்டன் கோட்ஸ் என்பவர், விபத்தினால் கைகால் செயலிழந்தவர். மாநில அனுமதியோடு, வேலை நேரத்துக்குப் புறம்பே, தசைப்பிடிப்புக்காகக் கஞ்சாவைப் பயன்படுத்தினார். 2010இல் பரிசோதனையில் அகப்பட்டுத் தொழிலை இழந்தார். மத்திய சட்டம் அதைத் தடைசெய்வதால், 2015இல் மாநில உச்ச நீதிமன்றமும் அவருக்குச் சார்பாகத் தீர்க்கவில்லை. மருந்துக்குக் கிடைத்த அனுமதி தொழிலுக்குக் காவலன்று என்பதே இதன் பாடம்.

ஆகவே, மருந்து வாங்கும்போதே அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று வைத்தியரிடம் கேளுங்கள். கடையில் துண்டின்றி வாங்கும் பைக்கற்றுக்குச் சாட்சி சொல்ல ஒருவருமில்லை. பரிசோதனைக்கு முன்னரே வைத்தியரின் கடிதத்தைப் பரிசோதிக்கும் வைத்தியரிடம் காட்டுங்கள். வாகனம் ஓட்டுபவரும் இயந்திரத்தில் நிற்பவரும் மயக்கம் தரும் மருந்தை அவரிடம் மறைத்தல் ஆகாது. அது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். டுபாய் போகிறவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். கொடீன் சேர்ந்த மருந்துக்குக்கூட அங்கே முன்அனுமதி வேண்டும்.

ஆனால் வைத்தியர் அறியவேண்டியதை முகவரும் மேற்பார்வையாளரும் அறியவேண்டியதில்லை. வேலைக்குத் தகுதியுண்டா, இல்லையா என்பதே அவர்களுக்குப் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது.

லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். கேட்டது நம் காதோடு நிற்கட்டும். பீலிக்கரையில் நாம் விளையாட்டாய்ச் சொல்லும் ஒரு வார்த்தை, அயல்வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தை நிறுத்திவிடக்கூடும்.