டின் அடுப்பும் மலைச்சரிவும்



பரீட்சை முடிந்ததும் போடிக்காரன் கால் தானாகவே மலைப் பக்கம் திரும்பும். குரங்கணி, போடிமெட்டு, கொழுக்குமலை என்று திட்டம் போடும்போதே, 'சமையலை அங்கேயே வெச்சுக்கலாம்டா' என்று ஒருவன் சொல்லிவிடுவான். அரிசி, கோழி, சட்டி எல்லாம் கணக்கில் வரும். அடுப்பு மட்டும் வராது. 'மூணு கல்லை வெச்சாப் போச்சு' என்பார்கள். அது ஏன் போதாது, நம் ஒர்க்‌ஷாப் அறிவை வைத்தே என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

1. மூன்று கல்லின் கணக்கு

5 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 350 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகு சுமார் 3,500 கிலோகலோரி தரும். அப்படியானால் 100 கிராம் விறகு போதுமே! ஆனால் திறந்த வெளியில் மூன்று கல் அடுப்பின் செயல்திறன் 10 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஆகவே ஒரு கிலோ எரிக்க வேண்டும். மீதி வெப்பம் காற்றோடு போகிறது. கூடவே பறப்பது தீப்பொறி. இதை மறக்காதீர்கள், கடைசியில் இதற்கே வருவோம்.

இன்னொன்று: ஓடையில் கிடக்கும் ஈரக்கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி கல் வெடித்துச் சிதறலாம்.

2. எண்ணெய் டின் ராக்கெட் அடுப்பு

1980-களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி உருவாக்கிய தத்துவம் இது. 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று, சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள பால் பவுடர் டின்கள் மூன்று நான்கு, சலித்த அடுப்புச் சாம்பல். அவ்வளவுதான்.

பெரிய டின்னின் பக்கவாட்டில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு வட்டம் வெட்டுங்கள். அதன் வழியே ஒரு சிறு டின்னைப் படுக்கையாகச் செருகுங்கள். மற்ற டின்களின் அடியை வெட்டி, அதன்மேல் நிமிர்த்தி அடுக்கினால் 'எல்' வடிவக் குழாய் கிடைக்கும். சுற்றிலும் சாம்பலை நிரப்புங்கள். சாம்பல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் குழாய்க்குள் சூடு தங்கி, புகையே எரிந்துவிடும். படுக்கை டின்னுக்குள் குறுக்கே ஒரு தகடு வையுங்கள்: மேலே விறகு, கீழே காற்று. சட்டிக்கும் குழாய் வாய்க்கும் இடையே இரண்டு செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

செயல்திறன் 20 சதவீதத்துக்கு வந்தாலே விறகு பாதியாகக் குறையும். சுள்ளியே போதும்.

3. சுடுவதற்குக் கம்பித் தட்டு

6 மி.மீ. எம்.எஸ். கம்பிகளை ஒன்றரை செ.மீ. இடைவெளியில் வெல்டு செய்தால் போதும். ஜி.ஐ. வலை வேண்டாம், துத்தநாகப் பூச்சு சூடேறினால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். பெயின்ட் டின்னும் வேண்டாம். கோழியைச் சுடுவது ஜுவாலையில் அல்ல, தணலில். கறி குத்த அரளிக் குச்சியை ஒடித்துவிடாதீர்கள், அது விஷம்.

4. உயரமும் கொதிநிலையும்

சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். கொழுக்குமலை 2,000 மீட்டருக்கு மேல். அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 'கொதிக்குது, ஆனா வேகலையே' என்று விறகைத் திணிப்பதில் பயனில்லை. அரிசியை முன்பே ஊற வையுங்கள். குக்கர் இருந்தால் கவலையே இல்லை.

5. சரிவில் தீ

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக்கு மேலே மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தனர். நம் ஊர் மலை அது.

சமதளத்தில் ஜுவாலை நேரே மேலே போகும். சரிவிலோ அது மேல்பக்கத்துப் புல்லை நெருங்கி, தொடுமுன்பே காய்ச்சிவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இருபது டிகிரியில் நான்கு மடங்கு. மேட்டில் ஓடும் மனிதனுக்கோ வேகம் குறையும். இந்தப் பந்தயத்தில் நாம் ஜெயிக்க முடியாது.

ஆகவே சில விதிகள்:

- காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். டின் அடுப்பும் அதில் சேர்த்திதான். மலையேற வனத்துறை அனுமதியும் வேண்டும்.
- அடுப்பு வைப்பது அடிவாரத்தில், உரிமையாளர் சம்மதித்த தோப்பில், சமதளத்தில் மட்டும். சுற்றிலும் இரண்டு மீட்டருக்குச் சருகைக் கூட்டித் தள்ளுங்கள்.
- மாசி முதல் வைகாசி வரை காய்ந்த காலம். காற்று வீசினால் அடுப்பே வேண்டாம்.
- இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில் இருந்த பிறகே தீக்குச்சியை உரசுங்கள்.
- கூடாரத்துக்குள் அடுப்போ தணலோ கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.
- முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள்; சூடு தெரியாவிட்டால் தொட்டுப் பாருங்கள். சாம்பல் குளிர்ந்திருந்தால்தான் கிளம்பலாம்.

தோப்புக்குப் போகும் நாளில் டின் அடுப்பைத் தூக்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் ஏறும் நாளில் கட்டுச்சோறு போதும். புளிச்சோறும் துவையலும் எந்த உயரத்திலும் ருசிக்கும்!