மருசான் காலத்து ராட்சதன்: அரிய வினைல் பொம்மையை நாமே உருவாக்கும் வழி

1966 ஜனவரியில் ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் 'அல்ட்ரா க்யூ' தொடர் தொடங்கியது. காட்ஸில்லா படங்களின் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயாவின் நிறுவனம் எடுத்த தொடர் அது. ஜப்பானியச் சிறுவர்களைக் கைஜு எனப்படும் ராட்சத மிருகங்களின் மோகம் பிடித்துக்கொண்டது. மருசான் நிறுவனம் அந்த ராட்சத மிருகங்களை மென்மையான வினைல் பொம்மைகளாக வார்த்து விற்றது. 1968இல் மருசான் நொடித்துப்போனது. அங்கே வேலை பார்த்தவர்கள் தொடங்கிய புல்மார்க் நிறுவனமும் 1977இல் நொடித்துப்போனது. பிள்ளைகள் ஆசைதீர விளையாடித் தேய்த்த பொம்மைகளில் நல்ல நிலையில் எஞ்சியவை கொஞ்சம்தான். இன்று டோக்கியோவின் நகானோ பிராட்வேயில் உள்ள மண்டராகே போன்ற கடைகளில் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். விலையோ நம்மில் பலருக்கு எட்டாதது.

எட்டாத பொம்மையை நாமே செய்து அலமாரியில் வைத்துக்கொள்ள முடியும். அதற்கு முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: அந்தப் பொம்மைக்கு உருவம் கொடுத்ததில் திரையில் வந்த மிருகத்துக்கு எவ்வளவு பங்கோ, வார்த்த முறைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

வார்த்த விதம்

முதலில் மெழுகில் மூல உருவம். அதன்மேல் மின்முலாம் முறையில் உலோகத்தைப் படியவிட்டு, உள்ளே இருக்கும் மெழுகை உருக்கி எடுத்தால் கூடான உலோக அச்சு கிடைக்கும். அதில் திரவ வினைலை ஊற்றிச் சூடான எண்ணெயில் இறக்குவார்கள். சுவரை ஒட்டிய வினைல் தோல்போல் இறுகும். மீதியைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதைச் சூடு ஆறும் முன் இடுக்கியால் பிடித்து அச்சின் வாய் வழியாக இழுத்து எடுப்பார்கள்.

பருத்த கால், மழுங்கிய விரல், அடி அகன்ற வால் எல்லாம் அந்த வாய் வழியாக வெளியே வர வேண்டியிருந்ததால் அமைந்தவை. தலையும் கைகளும் தனித்தனித் துண்டுகளாக இருப்பதற்கும் அதுவே காரணம். படத்தில் பார்த்த மிருகத்தைப்போல் கூர்மையாகச் செதுக்கினால் அழகான சிலை கிடைக்கும். 1966இன் பொம்மை கிடைக்காது.

1. எந்த மிருகம்?

முதல் முயற்சிக்குப் பெகிலா பொருத்தம். 'அல்ட்ரா க்யூ'வில் அண்டார்டிகாவில் தோன்றும் பனி மிருகம். திரண்ட உடல், துடுப்பு போன்ற சிறகுகள், பாதி மூடிய இமைகள். அதே தொடரில் வரும், உடலெங்கும் தகடு தகடாக முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும் கரமோனை இரண்டாம் மூன்றாம் முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை இடுக்குகளிலும் காற்று சிக்கும். அச்சும் சீக்கிரம் கிழியும்.

2. படங்களும் அளவும்

முன், பின், இரு பக்கம், உள்ளங்கால் என ஐந்து கோணப் படங்களையாவது திரட்டுங்கள். ஏலப் பட்டியல்களும் சேகரிப்பாளர் நூல்களும் உதவும். மிக அருகிலிருந்து எடுத்த படத்தில் தலை பெருத்துக் கால் சிறுத்துத் தெரியும். அதை நம்பி அளவெடுக்க வேண்டாம்.

பொம்மையின் உண்மையான உயரம் தெரிந்தால் போதும். படத்தில் 8 செ.மீ., நிஜத்தில் 22 செ.மீ. என்றால் 275 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி நகலெடுங்கள். வார்க்கும்போது சற்றுச் சுருங்கும் என்பதால் ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். முன்தோற்றம், பக்கத்தோற்றம் இரண்டையும் சுவரில் ஒட்டி, கவராயத்தால் ஒவ்வொரு அளவையும் ஒப்பிட்டபடி வேலை செய்யுங்கள்.

யாராவது அசல் பொம்மையைக் கையில் தந்தால் அளவு மட்டும் எடுங்கள். அதன்மேல் சிலிக்கான் ஊற்றக் கூடாது. பழைய வினைலிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசையால் சிலிக்கான் இறுகாமல் போகலாம். பிரிக்கும்போது அறுபது ஆண்டு வண்ணமும் உரிந்து வரலாம். அசலுக்கு ஒரு கீறலும் விழாமல் பார்த்துக்கொள்வது சேகரிப்பாளரின் முதல் கடமை.

3. மூல உருவம்

எண்ணெய்க் களிமண்ணில் உருவம் பிடியுங்கள்; அது காயாது, வெடிக்காது. வாங்கும்போது கந்தகம் கலக்காததா என்று கேளுங்கள். பிளாட்டினம் வகை சிலிக்கான் கந்தகம் பட்டால் இறுகாது.

முதலில் மொத்தத் திரட்சி, பிறகு தோல் மடிப்பு, கடைசியில் கண்ணும் வாயும். மடிப்புகளைக் கத்தியால் கீறாமல், உருண்டை முனைக் கருவியால் அழுத்தி, டர்பன்டைன் தொட்ட தூரிகையால் ஒருமுறை நீவிவிடுங்கள். பழைய பொம்மைகளின் மழுங்கிய வளைவு அப்படித்தான் வரும். பிறகு, அசலில் மூட்டு இருக்கும் அதே இடங்களில் தலையையும் கைகளையும் மெல்லிய கம்பியால் அறுத்துப் பிரியுங்கள்.

4. சிலிக்கான் அச்சு

உலோக அச்சு வீட்டில் ஆகாத வேலை. அதற்குப் பதில் இரு பாதிச் சிலிக்கான் அச்சு போதும். ஒவ்வொரு துண்டையும் பாதிவரை களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் பெட்டி கட்டி, மேல்பாதிக்குச் சிலிக்கான் ஊற்றுங்கள். பொட்டலத்தில் சொன்ன விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள்; கண்ணளவு வேண்டாம். பெட்டியின் தாழ்ந்த மூலையில், உயரத்திலிருந்து நூல்போல் ஊற்றினால் குமிழிகள் வழியிலேயே உடைந்துவிடும்.

முதல் பாதி இறுகியதும், புதைத்திருந்த களிமண்ணை மட்டும் நீக்கி, வெளிப்பட்ட சிலிக்கான் முகம் முழுவதும் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய பிறகே இரண்டாம் பாதியை ஊற்றுங்கள். தடவாவிட்டால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது.

5. வார்ப்பு

இரு திரவப் பாலியூரித்தேன் ரெசின் ஏற்றது. ஈரப்பதம் அதன் எதிரி: நீர் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி நுரைத்துவிடும். மழை நாளிலும் கடற்காற்று வீசும் நேரத்திலும் வார்க்காதீர்கள். டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள்.

அசல் பொம்மை கூடானது, எடை குறைந்தது. அதனால் அச்சை நிரப்ப வேண்டாம். கொஞ்சம் ஊற்றி, வாயை அடைத்து, இறுகும்வரை எல்லாப் பக்கமும் மெதுவாகச் சுழற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று படலம் சேர்த்தால் உறுதியான ஓடு கிடைக்கும். ரெசினிலேயே நிறமி கலந்துவிடுங்கள். மருசான் பொம்மைகளில் வினைலின் சொந்த நிறமே அடிப்படை. வண்ணம் அதன்மேல் தூவியது மட்டுமே.

இந்த ரெசினின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். நைட்ரைல் கையுறை, ரசாயன ஆவி வடிகட்டும் முகக்கவசம், திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். கலக்கச் சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

6. தையல் கோடும் மூட்டும்

இரு பாதி அச்சு விளிம்பில் ஒரு கோட்டை விட்டுச் செல்லும். ஒரே கூடான உலோக அச்சில் அந்தப் பிரச்சினை இல்லை. எனவே கோட்டைக் கத்தியால் சீவி, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து மறையுங்கள். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

வினைல் மூட்டைச் சூடாக்கி அமுக்கிப் பொருத்தலாம். ரெசின் வளையாது, உடையும். கழுத்திலும் தோளிலும் சிறு நியோடைமியம் காந்தங்களைப் பதியுங்கள். ஒட்டும் முன் துருவங்கள் ஈர்க்கின்றனவா என்று சரிபாருங்கள். அசலைப்போலவே கை சுழலும்.

7. வண்ணம்

பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். நிறமற்ற பிளாஸ்டிக் பிரைமர் ஒரு பூச்சு. பிறகு ஏர்பிரஷ்ஷால் இரண்டு மூன்று நிறங்கள் போதும்: முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று, வேண்டுமானால் வெள்ளிப் புகை. நிறங்களுக்கு நடுவே கூர்மையான எல்லை வேண்டாம். ஓரம் புகைபோல் கரையட்டும். சில இடங்களில் அடிநிறம் அப்படியே தெரியட்டும். கண்ணுக்கு மட்டும் மெல்லிய தூரிகை.

8. அடையாளம்

உள்ளங்காலில் உங்கள் பெயரின் முதலெழுத்தையும், செய்த ஆண்டையும், 'நகல்' என்ற சொல்லையும் அச்சு எடுக்கும் முன், மூல உருவத்திலேயே ஆழமாகப் பதித்துவிடுங்கள். பழைய நிறுவனத்தின் முத்திரையைப் போடாதீர்கள். செயற்கை அழுக்கேற்றிப் பழசாக்காதீர்கள். பெகிலா சுபுராயா நிறுவனத்தின் படைப்பு. அதை வார்த்து விற்க நமக்கு உரிமை இல்லை; நம் அலமாரியோடு நிறுத்திக்கொள்வதே முறை. நாளை நம் கையை விட்டுப் போனாலும் அந்தப் பொம்மை யாரையும் ஏமாற்றக் கூடாது. எஞ்சியிருக்கும் அசல்களின் மதிப்பு நம் நகலின் நேர்மையையும் நம்பியிருக்கிறது.