மலைப்பகுதி மருத்துவமனைகளும் செவிலியர் பற்றாக்குறையும்: தேவிகுளம் தரும் பாடம்

மருத்துவமனையின் திறனைப் படுக்கைகளின் எண்ணிக்கையால் அளப்பது நிர்வாக வழக்கம். ஆயினும் படுக்கை என்பது வெறும் கட்டிலன்று. இரவும் பகலும் அதனருகே பணியாற்றச் செவிலியர் இருந்தால்தான் அது படுக்கையாகும். அவர்கள் குறையும்போது, ஆணை ஏதும் பிறப்பிக்கப்படாமலேயே உள்நோயாளர் பிரிவு மூடப்பட்டுவிடுகிறது. புறநோயாளர் பிரிவு காலையில் இயங்குவதால் இவ்விழப்பு எளிதில் வெளியே தெரிவதில்லை.

கணக்கு கூறும் உண்மை

ஒரு வார்டில் எந்நேரமும் ஒரு செவிலியர் இருக்க வாரத்திற்கு 168 மணி நேரப் பணி தேவை. ஒருவர் 48 மணி நேரம் பணியாற்றினால் மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்புக்கென 30 விழுக்காடு சேர்த்தால் இது நாலரையைத் தாண்டும். எனவே, ஒருவர் நிற்கும் இடத்திற்கு ஏறத்தாழ ஐந்து பணியிடங்கள் தேவை.

30 படுக்கைகள் கொண்ட சமுதாய நல மையத்திற்கு 2012ஆம் ஆண்டின் இந்தியப் பொதுச் சுகாதாரத் தர நெறிகள் 10 செவிலியரை வகுத்தன. அதாவது, எந்நேரத்திலும் இருவர். மூன்று இடங்கள் காலியானால் பல இரவுகளில் ஒருவரே எஞ்சுவார். அவர் பிரசவ அறைக்குச் சென்றால் வார்டில் எவருமிலர். காலியிடம் மூன்றுதான் எனினும் முடங்குவது மருத்துவமனை முழுவதுமாகும்.

தேவிகுளத்தின் தனித்தன்மை

கேரளத்தின் இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று அமைக்கப்பட்டது. அதன் தேவிகுளம் வட்டத்தில் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. எனவே, இங்குத் தோட்ட மருத்துவமனைகளும் அரசு மருத்துவமனைகளும் இணைந்தே மக்களைக் காத்து வந்துள்ளன. தோட்டத் தொழில் நலிந்தால் இவற்றுள் ஒரு தூண் சரிகிறது. 2000ஆம் ஆண்டையொட்டி அண்டைப் பீருமேடு பகுதியில் தோட்டங்கள் மூடப்பட்டபோது, தொழிலாளர் வேலையோடு மருத்துவ வசதியையும் இழந்தனர்.

இம்மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லை. கடுநோயுற்றோர் கோட்டயத்திற்கோ, போடிமெட்டு வழியாகத் தேனிக்கோ மலைச்சாலையில் பல மணி நேரம் செல்ல வேண்டும். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடியின் முதுவர்கள் நோயாளியைக் காட்டு வழியே சுமந்து வந்த நிகழ்ச்சிகள் பல. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு 70 உயிர்களைக் கொண்டது. இத்தகைய நிலத்தில் அருகிலுள்ள ஒரு படுக்கை, தொலைவிலுள்ள பத்துப் படுக்கைகளுக்கு மேலானது.

செவிலியர் எங்கே செல்கின்றனர்?

1946இல் போர் குழு அறிக்கை அளித்தபோது நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்தார். பின்னர்ப் பயிற்சி நிலையங்கள் பெருகின. கேரளம் உலகிற்கே செவிலியரை அளிக்கும் மாநிலமாயிற்று. ஆகவே இங்குள்ள குறை பயிற்சி பெற்றோர் இல்லாமை அன்று. பயிற்சி பெற்றோர் தங்காமையே ஆகும். வளைகுடா நாடுகள், பிரிட்டன், ஜெர்மனி ஆகியவை உயர் ஊதியத்துடன் அழைக்கின்றன. உள்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளிலோ, நீண்ட போராட்டங்களுக்குப் பின் 2018இல்தான் கேரளத்தில் குறைந்தபட்ச ஊதியம் 20,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது.

திருமதி சரோஜினி வரதப்பன் தலைமையிலான செவிலியர் பணி பற்றிய உயர்நிலைக் குழு 1989இலேயே பணிச்சூழலின் குறைகளை எடுத்துரைத்தது. மலைப்பகுதியில் குடியிருப்பின்மை, குளிர், இரவுப் பயணம், பிள்ளைகளின் கல்வி ஆகியவை இக்குறைகளை மிகுவிக்கின்றன.

செய்யத்தக்கவை

முதலாவதாக, தோட்டத் தொழிலாளர், பழங்குடியினர் ஆகியோரின் பிள்ளைகளுக்குச் செவிலியர் பயிற்சியில் இடமும் உதவித்தொகையும் அளித்து, சொந்த வட்டத்தில் பணியமர்த்தலாம். தமிழும் மலையாளமும் அறிந்த அவர்களிடம் நோயாளி தம் துன்பத்தைத் தயக்கமின்றிக் கூறுவார். இரண்டாவதாக, மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருப்பும், மலைப்பகுதிப் படியும், குறித்த காலத்திற்குப் பின் விரும்பிய ஊருக்கு மாறுதலும் உறுதி செய்யப்பட வேண்டும். மூன்றாவதாக, விடுப்புக்கெனக் கூடுதல் பணியிடங்கள் வட்ட அளவில் ஒதுக்கப்படல் வேண்டும்.

புதிய கட்டடத்திற்கு நிதி ஒதுக்கும் ஒவ்வொரு திட்டத்திலும், ‘இரவு இரண்டு மணிக்கு இங்கு யார் இருப்பார்?’ என்னும் வினாவிற்கு விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்விடை இல்லாத திட்டம் கட்டில்களை வாங்கும், படுக்கைகளைத் தராது.