காற்றுக்கு வழிவிட்ட கட்டடக் கலை

உணவும் உடையும் போன்றே உறையுளும் மாந்தரின் அடிப்படைத் தேவையாகும். மின்விசிறி இல்லாக் காலத்தில் உறையுளைக் குளிர்வித்த முன்னோரின் நுட்பத்தைத் தென்காசி, குற்றாலப் பகுதியை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் தாழ்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே சாரலுடன் வருகிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் அதன் விசையை உணரலாம். அகன்ற வெளியினின்று குறுகிய வழியுள் புகும் காற்று விரைவு மிகும்.

முன்வாயில், முற்றம், பின்வாயில் ஆகியன நேர்க்கோட்டில் அமைந்த பழைய வீடுகளும் காற்றுக்கு இவ்வாறே வழிவிட்டன. முற்றத்தில் வெப்பமுற்ற காற்று மேலெழ, திண்ணை நிழலின் குளிர்காற்று உள்ளே புகும். தடித்த சுவர்கள் பகல் வெப்பம் உட்புகுவதைத் தாமதப்படுத்தும். இரவுக் காற்று அவற்றைத் தணிவிக்கும்.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. குளிர்காற்றைத் தரும் மேற்குத் திசையே மாலை வெயிலையும் தருகிறது. சாளரத்தை அடைத்தால் காற்றில்லை, திறந்தால் வெயில். தாழ இறக்கிய தாழ்வாரமும் மரநிழலும் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுவன. நிழலற்ற கான்கிரீட் தளமோ பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் அறைக்குள் உமிழ்கிறது. அதனைத் தணிக்க மின்சாரத்தை நாடுகிறோம்.

பழமையை அப்படியே மீட்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. திசையறிந்து கட்டும் அறிவு புதிய வீட்டுக்கும் பொருந்தும். எனவே மாணவர்கள் தம் ஊர்ப் பழைய வீடுகளை அளந்து, வரைந்து பதிவு செய்தல் வேண்டும். அவ்வீடுகளே அந்நுட்பத்தின் ஏடுகள்; இடிந்தபின் படிக்க இயலாது.