முதிர்ந்த பூனையின் சருமவறட்சியும் சொடுகும்
திருகோணமலைத் துறைமுகப் பகுதிக் கமக்காரருக்கும் மீனவருக்கும் உரிய குறிப்புகள்

தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் பட்டடையிற் கிடக்கும் நெல்லை எலி தின்னாது காப்பது பூனை. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி ஆகிய கரையோர ஊர்களில் வாடியில் மடித்து வைத்த வலையை எலி அறுக்காது காப்பதும் அதுவே. எலி குறைந்த வீட்டில் எலிக்காய்ச்சல் பரவும் வாய்ப்பும் குறைகிறது. இத்துணைப் பயன் தரும் பிராணிக்கு வயது பத்தைக் கடந்ததும் அதன் முதுகில் வெண்மையான செதில்கள் தோன்றுவதை நம்மிற் பலர் காண்கிறோம். "கிழப்பூனைக்குச் சொடுகு வருவது வழமைதானே" என்று விட்டுவிடுவோர் ஒரு சாரார். கைக்குக் கிடைத்த எண்ணெயைப் பூசிவிடுவோர் மறு சாரார். இரண்டும் தவறாகும். சொடுகு தனியான ஒரு நோயன்று. உடலின் வேறோரிடத்திலுள்ள குறையின் அடையாளம் அது. அக்குறையைக் கண்டறியும் வழியையும், வீட்டிலேயே செய்யத்தக்க பராமரிப்பையும், செய்யத்தகாதவற்றையும் இப்பிரசுரம் விளக்குகிறது.

சொடுகு ஏன் உண்டாகிறது?

தோலின் அடிப்பகுதியிலே புதிய உயிரணுக்கள் இடைவிடாது உண்டாகி, ஏறத்தாழ 3 கிழமைகளில் மேற்பரப்பை அடைந்து, அங்கு இறந்து உதிர்கின்றன. இவை மிகவும் நுண்ணியவையாதலால் நலமுள்ள பூனையில் நமது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பூனையின் நாவிலே பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. பூனை தன்னை நக்கும்போது அம்முட்கள் சீப்பைப் போல் இறந்த தோலையும் உதிர்ந்த மயிரையும் அகற்றுகின்றன. தோற் சுரப்பிகளிலிருந்து வரும் நெய்ப்பசையை மயிரெங்கும் பரப்புகின்றன. பூனையின் மினுமினுப்புக்குக் காரணம் இதுவே.

முதுமையில் மூட்டுகள் விறைப்பதனாலோ, உடல் பருப்பதனாலோ, பல் வலிப்பதனாலோ பூனை தன்னை நக்குவதைக் குறைத்துக் கொள்கிறது. அப்போது செதில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வெளித் தெரிகிறது. சிறுபோக காலத்தில், வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியும் உடையது. நமது உதட்டை வெடிக்கச் செய்யும் அக்காற்று பூனையின் தோலையும் உலர்த்தும். எனினும், மாரிகாலம் வந்த பின்னும் செதில் குறையாதிருப்பின் பழியைக் காற்றின் மீது சுமத்தலாகாது.

செதில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் பூனையை மடியிலிருத்தி, மயிரை எதிர்ப்புறமாக விலக்கிப் பாருங்கள். செதிலின் இடமே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

1. இடுப்பின் மேலும் வால் அடியிலும் மட்டும் செதில் இருந்தால்: பூனையால் அவ்விடத்தை எட்ட முடியவில்லை. பருமன், மூட்டுவாதம் ஆகியவற்றை எண்ண வேண்டும். மதில்மேல் பாய்ந்த பூனை இப்போது கதிரையில் ஏறவும் தயங்குகிறதா என்று கவனியுங்கள்.

2. உடலெங்கும் செதில் பரவி மயிர் மங்கியிருந்தால்: உணவுக் குறையோ உள்ளுறுப்பு நோயோ காரணமாகலாம்.

3. செதில் அசைவதுபோல் தோன்றினால்: அது செதிலன்று, செதிலைச் சுமந்து திரியும் நுண்ணுண்ணியாகும். பூனையைத் தூக்குவோரின் கையிலும் வயிற்றிலும் அரிப்புள்ள சிவந்த புள்ளிகள் தோன்றுவதும் இதற்கு அடையாளம்.

4. காதோரத்திலும் முகத்திலும் தடித்த பொருக்கும் தாங்கொணா அரிப்பும் இருந்தால்: சொறியுண்ணி. இது மற்றைய பூனைகளுக்கு விரைவில் தொற்றும்.

5. வட்டவடிவாக மயிர் உதிர்ந்து செதில் படர்ந்தால்: படர்தாமரை. இது பிள்ளைகளுக்கும் தொற்றும்.

6. வெள்ளைப் பூனையின் காது நுனியிலோ மூக்கிலோ ஆறாத பொருக்கு இருந்தால்: கடற்கரை வெயிலில் பல்லாண்டு கிடந்ததனால் உண்டாகும் தோற்புற்றாகலாம். ஆரம்பத்திலேயே காட்டினால் வெட்டி நீக்கிக் காப்பாற்றலாம்; தாமதித்தால் இயலாது.

தெள்ளு உண்டா என்று அறிய, பேன்சீப்பால் முதுகைச் சீவி, வரும் கருந்தூளை நனைத்த வெள்ளைத் துணியில் இடுங்கள். தூள் செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம்; பூனையின் இரத்தமே அவ்வாறு நிறங் காட்டுகிறது.

உணவு

நமது துறைமுகப் பகுதியில் பூனையின் உணவில் இரு குறைகள் காணப்படுகின்றன. முதலாவது, சோறும் குழம்பும் மட்டும் இடுதல். பூனை ஊனுண்ணி. மாட்டைப்போலும் மனிதனைப்போலும் தாவர உணவிலிருந்து தனக்கு வேண்டியவற்றை ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. விற்றமின் ஏ, டோரின் என்னும் சத்து, தோலுக்கு வேண்டிய சில கொழுப்பமிலங்கள் ஆகியவற்றை அது ஊனிலிருந்தே பெறவேண்டும். சோற்றை மட்டும் உண்ணும் பூனையின் தோல் உலர்ந்து செதிலாவதில் வியப்பில்லை. குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது குறை இதற்கு மாறானது. மீனை மட்டுமே, அதிலும் கொழுத்த மீனின் கழிவை மட்டுமே இடுதல். சூரை போன்ற மீன்களின் எண்ணெய் உடலிலுள்ள விற்றமின் ஈயைச் செலவழித்துவிடும். அதனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மஞ்சளாகிக் கட்டிபட்டு வலிக்கும், தொட்டாற் பூனை கத்தும், காய்ச்சல் காணும். 1950களில் அமெரிக்காவில் சூரை மீன் சேர்ந்த தகரவுணவை மட்டும் உண்ட பூனைகளில் இந்நோய் ஆராயப்பட்டது. பச்சையாக இடப்படும் நெத்தலி, சாளை முதலிய சிறுமீன்களிலோ விற்றமின் பி1ஐ அழிக்கும் பொருள் உண்டு. அவித்தால் அப்பொருள் கெட்டுவிடும்.

ஆகவே பின்வருமாறு செய்யுங்கள். 4 கிலோகிராம் நிறையுள்ள முதிர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 கிராம் வரை கொழுப்புக் குறைந்த ஊன் வேண்டும். உப்பும் மசாலாவும் இடாது அவித்து, 3 அல்லது 4 தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரே மீனைத் தொடர்ந்து கொடாது, மீன், கோழியிறைச்சி, அவித்த முட்டை என மாற்றுங்கள். பெரிய மீனின் முள்ளை நீக்குங்கள். நெத்தலியை மென்முள்ளுடன் அவித்துக் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். அவித்த நீரை ஊற்றிவிடாது உணவுடன் சேருங்கள். டோரின் அந்நீரிற் கரைந்திருக்கும். பூனைக்கென விற்கப்படும் முழுமையான உணவை வாங்க இயலுமாயின் அதனையும் கலந்து கொடுப்பது நன்று. வீட்டுணவில் விடுபடும் சத்துகளை அது ஈடு செய்யும்.

ஈரலை விரும்பி உண்கிறதென்று நாள்தோறும் கொடாதீர்கள். விற்றமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று பொருந்திவிடும். கழுத்தைத் திருப்ப இயலாத பூனை தன்னை நக்கவும் இயலாது. கிழமைக்கு ஒருமுறை ஒரு சிறு துண்டு போதும். மீனெண்ணெய்க் குளிசையையும் அளவறியாது கொடுத்தலாகாது. கருவாட்டில் உப்பு மிகுதி. முதிர்ந்த பூனைக்கு அது வேண்டாம்.

நீர்

உணவிலுள்ளதையும் சேர்த்து, 1 கிலோகிராம் நிறைக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் நீர் நாள்தோறும் பூனைக்கு வேண்டும். அவித்த மீனில் முக்காற்பங்கு நீரே. உலர் உணவிலோ பத்திலொரு பங்குதான். உலர் உணவு கொடுப்போர் நீரில் ஊறவைத்துக் கொடுப்பது நன்று. அகன்ற பீங்கான் கோப்பைகளை வீட்டின் இரண்டு மூன்று இடங்களில் நிழலில் வைத்து நாள்தோறும் நீரை மாற்றுங்கள்.

சீவுதலும் துடைத்தலும்

பூனை செய்யமாட்டாத வேலையை நாம் செய்துகொடுப்பதே இதன் நோக்கம். நாள்தோறும் 5 நிமிடம் போதும். உணவுக்குப் பின் பூனை அமைதியாயிருக்கும் வேளையில், மென்மையான தூரிகையால் தலையிலிருந்து வாலை நோக்கிச் சீவுங்கள். முதிர்ந்த பூனையின் தோல் மெல்லியது, அழுத்தலாகாது. பின்னர், இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதுகைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். சடை விழுந்த மயிரைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். மயிரோடு தோலும் உயர்ந்து வந்து வெட்டுப்படும். விரலாற் சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். பிரியாதாயின் வைத்தியரிடம் விடுங்கள்.

அடிக்கடி குளிப்பாட்டுவது வறட்சியை மிகுவிக்கும். சீவும்போதே நகத்தையும் பாருங்கள். மரத்திற் கீறாத கிழப்பூனையின் நகம் வளைந்து பாதத்தினுள்ளே புகுந்துவிடுவதுண்டு.

செய்யத்தகாதவை

பூனையின் தோலிற் பூசுவதெல்லாம் அதன் வயிற்றுக்குட் செல்லும் என்பதை மறவாதீர்கள். பூனையின் ஈரலில் சில நஞ்சுகளை முறிக்கும் நொதியம் மிகக் குறைவு. ஆகவே மனிதனுக்கும் நாய்க்கும் தீங்கு செய்யாதது பூனையைக் கொல்லக்கூடும்.

• மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், கர்ப்பூரத் தைலம் ஆகியவற்றைப் பூசாதீர்கள். தேங்காயெண்ணெய் நஞ்சன்று, ஆயினும் செதிலைப் பிசுபிசுப்பாக்கித் தூசியைச் சேர்ப்பதன்றிக் காரணத்தை நீக்காது, நக்கினால் வயிற்றோட்டமும் வரும்.

• நிலம் கழுவும் பினைல் முதலிய தொற்றுநீக்கிகளாற் கழுவாதீர்கள். பூனை படுக்குமிடத்திலும் அவற்றைத் தெளிக்கலாகாது.

• மனிதர் சொடுகுக்கு இடும் தார், சலிசிலிக் அமிலம் கலந்த சம்பூ வேண்டாம்.

• நாய்க்குரிய தெள்ளு மருந்தை இடாதீர்கள். அவற்றுட் சிலவற்றிலுள்ள பேர்மெத்திரின் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கி உயிரைப் போக்கும். வயலுக்கும் தோட்டத்துக்கும் தெளிக்கும் பூச்சிநாசினியை ஒருபோதும் பூசலாகாது.

• மூட்டுவலிக்கென்று பனடோல் கொடாதீர்கள். 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே பூனையைக் கொல்லப் போதியது.

நிறை பார்த்தல்

மீன் நிறுக்கும் வில்தராசு பல வீடுகளில் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை பூனையைக் கூடையிலிருத்தி நிறுத்து, கூடையின் நிறையைக் கழித்து, நாட்காட்டியில் எழுதி வையுங்கள். 4 கிலோகிராம் பூனை 400 கிராம் இழப்பது, 60 கிலோகிராம் மனிதன் 6 கிலோகிராம் இழப்பதற்கு ஒப்பாகும். மயிர் மறைப்பதனால் இவ்விழப்பு கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

சொடுகுடன் நிறையும் குறைந்தால் மூன்று நோய்களை எண்ண வேண்டும். நீர் மிகுதியாகக் குடித்து, மிகுதியாகச் சிறுநீர் கழித்து, உணவை வெறுத்தால் சிறுநீரக நோய். நன்றாக உண்டும் மெலிந்து, அமைதியின்றி அலைந்து இரவிற் கத்தினால் தைரொயிட் சுரப்பியின் மிகைச் செயல். 1979இல் முதன்முதலாகப் பூனைகளில் விவரிக்கப்பட்ட இந்நோய் முதிர்ந்த பூனைகளுக்கே பெரும்பாலும் வருவது. பருத்த பூனை மிகுந்த தாகத்துடன் மெலியத் தொடங்கினால் நீரிழிவு. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தே இவற்றைத் தெளிவாக அறியலாம். மூன்றுக்கும் பராமரிப்பு உண்டு. முன்னதாக அறிந்தால் பூனை மேலும் சில ஆண்டுகள் நலமாக வாழும்.

எப்போது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்வது?

மேற்சொன்ன உணவையும் சீவுதலையும் 4 கிழமைகள் செய்தும் செதில் குறையாவிடின், உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். தோல் சிவந்து நீர் வடிதல், வட்டமாக மயிருதிர்தல், தொட்டால் வலி, ஆறாத காதுப்புண், நிறையிழப்பு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் 4 கிழமை காத்திராதீர்கள். ஒரு நாள் முழுதும் உண்ணாத பூனையை, சிறப்பாகப் பருத்த பூனையை, உடனே காட்ட வேண்டும்; பட்டினி அதன் ஈரலிற் கொழுப்பைச் சேர்த்துவிடும். கூடையில் மூடிக் கொண்டுசெல்லுங்கள். உண்ணும் உணவையும் நிறைக் குறிப்பையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியையும் காலந்தவறாது போடுவியுங்கள். வலியுள்ள பூனை கடித்தாலோ கீறினாலோ, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நினைவிற் கொள்க

1. செதிலின் இடத்தைப் பார், காரணத்தைத் தேடு.
2. ஊனுணவை அவித்து, மாற்றி மாற்றிக் கொடு. அவித்த நீரையும் சேர்.
3. நாள்தோறும் 5 நிமிடம் சீவு.
4. மாதந்தோறும் நிறு, எழுதி வை.
5. எண்ணெயும் நாய் மருந்தும் மனித மருந்தும் இடாதே.

அவித்த மீனுக்கும் ஐந்து நிமிடச் சீவுதலுக்கும் பெருஞ் செலவு இல்லை. பத்தாண்டு உங்கள் பட்டடையையும் வலையையும் காத்த பிராணிக்கு இதனைச் செய்வது கடமையாகும். நாள்தோறும் அதனைத் தொட்டுப் பார்க்கும் கையே அதன் நோயையும் முதலில் அறியும். இன்று மாலையே உங்கள் பூனையை மடியிலிருத்தி, மயிரை விலக்கிப் பாருங்கள்.