உங்கள் கடையின் இணையத்தளம் கைத்தொலைபேசியில் திறக்கிறதா?

வவுனியாவில் எனது ஹாட்வெயார் கடைக்குச் சில வருடங்களுக்கு முன் ஓர் இணையத்தளம் செய்வித்தேன். கணினியில் பார்க்க அழகாகவே இருந்தது. ஒருநாள் முல்லைத்தீவிலிருந்து ஒருவர் அழைத்தார். "நானா, உங்கட சைட்டில ஒண்டும் விளங்கேல்ல. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக் கிடக்கு" என்றார். கூரைத் தகரத்துக்கு விலை பார்த்தவர், வேறு கடையில் வாங்கிவிட்டார்.

விசாரித்தபோதுதான் காரணம் புரிந்தது. நமது தளம் 'பாமினி' எழுத்துருவில் இருந்தது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைப்பது. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துகளே தெரியும். யூனிகோடுக்கு மாற்றினால் எந்தத் தொலைபேசியிலும் தமிழ் தெரியும். கூகுள் தேடலிலும் அகப்படும்.

அத்துடன் வேறு மூன்று திருத்தங்களும் செய்வித்தேன்.

முதலாவது, பக்கத்தின் அகலம். 'வியூபோர்ட்' என்ற ஒரு வரி இல்லாவிட்டால், தொலைபேசி முழுப் பக்கத்தையும் சுருக்கி எறும்பளவில் காட்டும். அந்த வரியுடன், திரைக்கேற்ப ஒழுங்கமையும் 'ரெஸ்பொன்சிவ்' வடிவமைப்பும் வேண்டும். இந்த முறைக்கு 2010இல் பெயரிட்டவர் ஈதன் மார்கொட். இதனால் கணினிக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று என இரண்டு தளங்கள் தேவையில்லை.

இரண்டாவது, படங்கள். கெமராவில் எடுத்தபடியே போட்டால் ஒரு படமே பல மெகாபைட் வரும். வாடிக்கையாளரின் டேட்டா காசு கரையும். 200 கிலோபைட்டுக்குள் சுருக்குங்கள்.

மூன்றாவது, தொலைபேசி இலக்கம். அதைப் படமாகப் போடாதீர்கள். தொட்டவுடன் அழைப்புப் போகும் இணைப்பாகப் போடுங்கள். வட்ஸ்அப் இணைப்பில் முதல் பூச்சியத்தை விட்டு 94 சேர்க்க வேண்டும்.

இது வெறும் அழகு விடயமல்ல. 2015 ஏப்ரல் 21 முதல், கைத்தொலைபேசியில் தேடுவோருக்கு அதற்கேற்ற தளங்களைக் கூகுள் முன்னே காட்டத் தொடங்கியது. பின்னர் தளங்களின் தொலைபேசி வடிவத்தையே முதலில் வாசித்துப் பட்டியலிடும் முறைக்கு மாறியது. அந்த மாற்றம் 2023இல் நிறைவடைந்தது.

இன்றிரவே ஒரு சோதனை செய்யுங்கள். வைஃபையை நிறுத்தி, வீட்டிலுள்ள மலிவான தொலைபேசியில் உங்கள் தளத்தைத் திறந்து, ஒரு பொருளின் விலையைத் தேடுங்கள். உங்களுக்கே பொறுமை போகிறதா? அப்படியானால் வாடிக்கையாளர் ஏற்கனவே அடுத்த கடைக்குப் போய்விட்டார்.