எடை குறைக்க விரும்பும் அங்கத்தினருக்கு ஓர் ஆகாரக் கணக்கு

சங்கங்களுக்குத் தணிக்கையின்பொருட்டுச் செல்லுமிடங்களில், பேரேடு மூடப்பட்டபின் அங்கத்தினர்கள் நம்மிடம் பேசும் விஷயங்களில் சமீப காலமாக ஒன்று அடிக்கடி வருகிறது. நூல் விலை, கூலி நிலுவை, பயிர்க்கடன் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் பேச்சில் இடம்பெறுகின்றன. "எடையைக் குறைக்கும்படி டாக்டர் கூறிவிட்டார், ஒரு நாளைக்கு எவ்வளவுதான் சாப்பிடலாம்?" என்பதே கேள்வி. வைத்தியம் நம் தொழிலன்று. ஆயினும் இக்கேள்வியில் பெரும்பகுதி கணக்கைச் சேர்ந்ததாகையால், அதனை முறையாகப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்று கருதுகிறோம்.

குழித்தறியில் நெய்தவர் நாள் முழுதும் மிதிபலகையைக் காலால் மிதித்தும், கையால் நாடாவை ஓட்டியும், பலகையை இழுத்து அடித்தும் வேலை செய்தார். அவரே இன்று விசைத்தறிக் கூடத்தில் நின்று இழை அறுந்தால் முடிச்சுப் போடுகிறார். அல்லது விற்பனை நிலையத்தில் அமர்ந்திருக்கிறார். ஏற்றம் இறைத்த குடியானவர் மோட்டாரின் பொத்தானை அமுக்குகிறார். உழைப்பு குறைந்தது நல்லதே. அதற்கு நாம் வருந்தவில்லை. ஆனால் உண்ணும் அளவு பழைய உழைப்புக்கு ஏற்றதாகவே இருந்துவருகிறது. இதில் எவ்வளவு வேறுபாடு ஏற்படும் என்பதை ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு காட்டுகிறது. 1918-ல் நம் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கப்பட்டு, 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்ட நிறுவனம் அது. அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவர் கடினமாக உழைத்தால் நாளொன்றுக்கு 3,470 கலோரியும், மிதமாக உழைத்தால் 2,710 கலோரியும், உட்கார்ந்த வேலையாயின் 2,110 கலோரியும் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்மணிக்கு இவையே முறையே 2,720, 2,130, 1,660 ஆகும். கடின உழைப்பை விட்டு நாற்காலிக்கு வந்த ஆடவருக்கு ஏறக்குறைய 1,360 கலோரி தேவையற்றதாகிவிடுகிறது. தட்டில் மட்டும் அது குறைவதில்லை.

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பத்தையே ஆகார நூல்கள் ஒரு கலோரி என்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்ற பேராசிரியர், உணவுப் பொருள்களை எரித்தும் மனிதர்களை அறைக்குள் இருத்தியும் அளந்து பார்த்துத் தந்த விகிதமே இன்றும் வழக்கில் உள்ளது: மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. இந்த மூன்றாவது எண்ணை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; பின்னால் அது பயன்படும்.

கணக்கைத் தொடங்குமுன், எடை குறைக்க வேண்டியவர் யார் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் அளந்து, அவ்வுயரத்தை அதனாலேயே பெருக்கி வரும் தொகையால் எடையை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். நம் நாட்டவருக்கு அது 23-க்கு மேற்பட்டால் எடை மிகுதி, 25-ஐ எட்டினால் உடற்பருமன் என்று கொள்ளுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆடவருக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படுவதும் எச்சரிக்கையே. இவ்வெல்லைகளுக்கு உட்பட்டவர் பிறரைப் பார்த்துத் தாமும் ஆகாரத்தைக் குறைப்பது வீண். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், காசநோய்க்கு மருந்துண்பவர்கள் ஆகியோர் இக்கணக்கின் பக்கமே வரலாகாது. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் வழக்கத்துக்கு மேல் 600 கலோரி கூடுதலாகத் தரவேண்டும் என்பது மேற்சொன்ன அட்டவணையின் விதி. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர், தம் டாக்டரைக் கேட்டு மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளாமல் உணவைக் குறைத்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்து மயங்கி விழ நேரலாம்.

இனிக் கணக்கு. உடல் சும்மா படுத்திருந்தாலும் இருதயம் துடிக்கவும், மூச்சு விடவும், உடற்சூடு காக்கவும் ஒரு செலவு உண்டு. சங்கத்தில் தறி ஓடாவிட்டாலும் வாடகையும் காவலாளி சம்பளமும் நின்றுவிடுவதில்லை அல்லவா? அத்தகைய நிரந்தரச் செலவு இது. இதனை மதிப்பிட, 1990-ல் அமெரிக்காவில் மிஃப்ளின் என்பவரும் துணைவர்களும் 498 பேரை அளந்து ஒரு சூத்திரம் தந்தனர். எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குக. உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுக. வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க. ஆடவராயின் 5 கூட்டுக, பெண்ணாயின் 161 கழிக்க.

உதாரணமாக, 45 வயது, 165 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடையுள்ள ஓர் அங்கத்தினரை எடுத்துக்கொள்வோம். 780-உடன் 1,031 கூட்டி, 225 கழித்து, 5 கூட்ட, 1,591 கலோரி அவருடைய நிரந்தரச் செலவு. இலேசான நடமாட்டம் உள்ளவருக்கு இதனை 1.375-ஆல் பெருக்குவது வழக்கம். ஆக, நாளொன்றுக்கு மொத்தச் செலவு ஏறத்தாழ 2,190 கலோரி. இந்த அளவு உண்டால் எடை கூடாது, குறையாது. இது மதிப்பீடேயன்றி எடைபோட்ட தொகையன்று. ஆளுக்கு ஆள் நூறு, இருநூறு கலோரி ஏறலாம், இறங்கலாம்.

இதிலிருந்து எவ்வளவு கழிக்கலாம்? நாளுக்கு 500 கலோரி என்பதே பலரும் கூறும் அளவு. இவருக்கு அது பொருந்தும். 1,700 கலோரி இவருடைய இலக்காகும். 1958-ல் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டர், ஒரு பவுண்டு உடற்கொழுப்பு 3,500 கலோரிக்குச் சமம் என்று கணித்தார். அதன்படி வாரத்துக்கு 3,500 கலோரி குறைந்தால் அரைக்கிலோவை ஒட்டிக் குறைய வேண்டும். தொடக்கத்தில் இது ஏறக்குறைய ஒத்துவரும். ஆனால் இதையே ஓராண்டுக்கு நீட்டி, "52 வாரத்தில் 23 கிலோ குறையும்" என்று எழுதுபவர் இருக்கிறார்கள். கைப்பேசியிலும் அவ்வாறே காட்டுகிறது. இது தவறு. உடல் சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும். கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, நாள்தோறும் 24 கலோரி நிலையாகக் குறைத்தால் முடிவில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைவதற்கே ஓராண்டு ஆகும். 500 கலோரி குறைப்பவருக்கு முதலாண்டில் 10 கிலோ அளவே எதிர்பார்க்கலாம். இதை முன்பே அறியாதவர் ஆறாவது மாதத்தில் மனமுடைந்து, "இன்னும் 300 கலோரி வெட்டுவோம்" என்று இறங்குகிறார். அபாயம் தொடங்குவது அவ்விடத்தில்தான்.

500 என்ற எண் எல்லோருக்கும் பொதுவானதன்று என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். 40 வயது, 152 சென்டிமீட்டர் உயரம், 62 கிலோ எடையுள்ள ஒரு நெசவாளிப் பெண்மணியின் கணக்கைப் பாருங்கள். 620-உடன் 950 கூட்டி, 200-உம் 161-உம் கழிக்க 1,209. அதை 1.375-ஆல் பெருக்க 1,660. இதில் 500 கழித்தால் 1,160 ஆகிறது. படுத்திருந்தால் ஆகும் செலவைவிடவும் குறைவு! பொதுவாக வைத்தியர் மேற்பார்வையின்றிப் பெண்கள் 1,200 கலோரிக்கும் ஆடவர் 1,500 கலோரிக்கும் கீழே செல்லக்கூடாது என்று கூறுவர். அதற்குக் கீழே போனால் இரும்பு, சுண்ணாம்புச் சத்து, புரதம் முதலியவற்றைத் தேவையான அளவு உணவிலிருந்து பெறுவது மிகக் கடினம். இவ்வம்மையார் 250 அளவே கழித்து 1,400-ல் நிற்பது தகும். குறைவது மெதுவாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மேலும், பல வீடுகளில் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறியபின் மிஞ்சியதை உண்பவர்கள். புருஷர் 1,700 கலோரி உண்ணும்போது தாமும் பாதி வயிற்றோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நற்குணமாகப் பேசப்படுகிறது. சோகை பிடித்த உடம்பில் அது நற்குணமன்று. அவருக்கு அவருடைய கணக்கைத் தனியே போட வேண்டும்.

அளவு மீறிக் குறைத்தால் என்னவாகும் என்பதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த அவ்விளைஞர்கள், பஞ்சத்தால் வாடிய ஐரோப்பிய மக்களை மீட்கும் வழி காண உதவுவோம் என்று தாமே முன்வந்தவர்கள். பன்னிரண்டு வாரம் 3,200 கலோரி அளவில் உண்டபின், 24 வாரங்களுக்கு அவர்கள் ஆகாரம் சராசரி 1,570 கலோரியாகக் குறைக்கப்பட்டது. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். அவர்கள் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் கால்கள் வீங்கின. வெயில் காலத்திலும் குளிர் தாங்கவில்லை. படிப்பில் மனம் செல்லவில்லை. சோர்வும் மனவாட்டமும் பீடித்தன. இரவும் பகலும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். நிரந்தரச் செலவாகிய கலோரியும் நாற்பது சதவிகிதத்தை ஒட்டி வீழ்ந்தது. அவர்கள் ஒல்லியான வாலிபர்கள். பருத்தவருக்கு இவ்வளவு கேடு நேராது என்பது மெய்யே. எனினும் 1,570 என்பது அவ்வளவு சிறிய எண்ணாகத் தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள். செலவுக்கு ஏறக்குறையப் பாதி அது என்பதனாலேயே அவர்களைச் சாய்த்தது. அண்டை வீட்டாருக்கு ஒத்துவந்த எண்ணை வாங்கி நாம் வைத்துக்கொள்ளலாகாது.

நகரங்களில் மாவுப் பொட்டலம் விற்று, "மூன்று வேளையும் இதைக் கரைத்துக் குடியுங்கள், மாதம் பத்துக் கிலோ குறையும்" என்போர் நெசவாளர் தெருக்களுக்கும் வந்துவிட்டார்கள். ஒரு வாரக் கூலியை அதற்குக் கொடுத்தவர்களை நாம் அறிவோம். 800 கலோரியை ஒட்டிய உணவு முறை வைத்தியத்தில் இல்லாமலில்லை. 2017-ல் முதலாண்டு முடிவுகள் வெளியான பிரிட்டிஷ் சோதனையொன்றில், 825 முதல் 853 கலோரி வரையிலான உணவைச் சில மாதங்கள் கொண்ட சர்க்கரை நோயாளிகளில் 46 சதவிகிதத்தினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றி நோய் தணிந்திருந்தனர். ஆனால் அவர்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்கள். மருந்துகள் முறைப்படி நிறுத்தப்பட்டவை. பின்னர் படிப்படியாக உணவு திருப்பித் தரப்பட்டது. பொட்டலம் விற்பவர் இவற்றில் எதைச் செய்கிறார்? மிக வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் உண்டாவதும் உண்டு.

இலக்கை நிர்ணயித்த பின் எதைக் குறைப்பது என்பதில், எண்ணெயிலிருந்து தொடங்குவதே சிக்கனம். முன்சொன்ன 9 இங்கே பயன்படுகிறது. நால்வருள்ள குடும்பம் மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்கினால், அது 4,550 கிராம். ஏறத்தாழ 41,000 கலோரி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 340 கலோரி எண்ணெயால் மட்டும் சேர்கிறது. அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்கு 135 கலோரி குறையும், காசும் மிச்சம். அடுத்தது அரிசி. 100 கிராம் அரிசியில் 350 கலோரி. கேழ்வரகிலும் அதைவிட மிகக் குறைவில்லை, 320-க்குமேல் உண்டு. களி என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்ற எண்ணம் வேண்டாம். குறைக்கக் கூடாதது பருப்பு. உடல் மெலியும்போது கொழுப்போடு தசையும் கரையுமாதலால், புரதம் நாளுக்கு 60 கிராமையாவது ஒட்டியிருக்க வேண்டும். நம் 78 கிலோ அங்கத்தினருக்கு, அரிசி 150 கிராம், பருப்பும் சுண்டல் வகைகளும் சேர்த்து 100 கிராம், கேழ்வரகு 60 கிராம், பாலும் தயிருமாக 400 மில்லி, முட்டை ஒன்று, காய்கறி கீரை 300 கிராம், எண்ணெய் 20 கிராம், தேநீருக்குக் கொஞ்சம் சர்க்கரை என்று எடுத்தால் 1,700 கலோரிக்குள் அடங்கும். முட்டை உண்ணாதவர் அதற்குப் பதில் 20 கிராம் கடலைப்பருப்பு சேர்த்துக்கொள்ளலாம். அரிசி பருப்பு எல்லாம் சமைக்குமுன் நிறுத்த எடை.

எடை பார்ப்பதில் நெசவாளருக்கு விளக்கம் தேவையில்லை. மழைக்காலத்தில் நூல்கட்டு ஈரத்தை வாங்கிக் கனப்பதும், வெயிலில் காய்ந்து இலேசாவதும் அவர் அறிந்ததே; பருத்தி நூலுக்கு 8.5 சதவிகித ஈரத்தை வியாபாரமே ஒப்புக்கொள்கிறது. உடலும் அத்தகையது. முதல் வாரத்தில் குறையும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு மிகுந்த ஊறுகாய் தின்ற மறுநாள் ஒரு கிலோ கூடினால் அதுவும் தண்ணீரே. ஆகையால் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், ஒரே தராசில் நின்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். நான்கு வாரப் பதிவைச் சேர்த்துப் பார்த்த பிறகே கணக்கு சரியா, தப்பா என்று சொல்ல முடியும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் 200 கலோரி ஏற்றிக்கொள்க. தலைசுற்றல், முடி உதிர்தல், மாதவிலக்கு தவறுதல், இயல்புக்கு மாறான களைப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் குறைப்பதை நிறுத்தி வைத்தியரிடம் செல்க.

விவசாய அங்கத்தினர்கள் இதைத் தொடங்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். நடவிலும் அறுவடையிலும் உடல் கேட்பது வேறு. அந்த வாரங்களில் இலக்கை எடுத்துவைத்துவிட்டு வேலைக்கேற்ப உண்பதே முறை. எல்லோருமே ஐந்தாறு கிலோ குறைந்ததும் கணக்கைப் புதிதாகப் போடவேண்டும். நம் அங்கத்தினர் 72 கிலோவுக்கு வந்தால் அவருடைய மொத்தச் செலவு 2,190-லிருந்து 2,105 ஆகிவிடும். அப்போது அதே 1,700 கலோரி நாளுக்கு 400 மட்டுமே குறைவாக நிற்கும். குறையும் வேகமும் அதற்கேற்பத் தளரும். அதற்காக அவர் 1,600-க்கு இறங்க வேண்டியதில்லை. மாலையில் அரைமணி நேரம் கூடுதலாக நடந்தால் அந்த 85-ஐ ஈடுகட்டிவிடலாம்.